ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தைக் கழகமாக்குவது எப்படி? கொழும்பிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் பதினைந்து பேரளவில் ஞாயிறு விடியற்காலையில் சேர்ந்து சைக்கிள் ஓடுகிறார்கள். பெரும்பாலும் தமிழர்கள், இரண்டு மூன்று சிங்கள, முஸ்லிம் நண்பர்களும் உண்டு. இதை ஒரு கழகமாக்க ஆசை. சென்ற மாதம் அவர்களில் ஒருவரை பஸ் ஒன்று உரசிவிட்டுப் போயிருக்கிறது. அதிலிருந்து வீதிப் பாதுகாப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பாதிப் பேர் நிற்கிறார்கள். மற்றப் பாதி, "நாங்கள் உடம்பைப் பார்க்கத்தானே வந்தோம், இந்தக் கந்தோர் அலைச்சல் எங்களுக்கு எதற்கு" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்சி அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டு பக்கமும் சரிதான். ஆனால் ஒன்றை விட்டு மற்றது நிற்காது. ஒன்றாக ஓடி, ஒன்றாகத் தேத்தண்ணி குடித்து, ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டால் என்ன ஏது என்று விசாரிக்கிற கூட்டமாக நீங்கள் இல்லையென்றால், கந்தோருக்குக் கொடுத்த கடிதத்தின் பின்னால் இரண்டாம் தரம் அலைய ஆள் இருக்காது. வீதி நமக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டாலோ, அடுத்த ஆள் விழுந்த அன்றே வீடுகளில் "இனிப் போக வேண்டாம்" என்ற கதை தொடங்கிவிடும். அதோடு கூட்டமும் கலைந்துவிடும். ஆகவே முதலில் கூட்டத்தை ஒழுங்காக்குங்கள். அப்புறம் வீதியைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதையும் சின்னதாக, இடம் குறித்து, ஆள் குறித்துக் கேளுங்கள். "கொழும்பு முழுவதும் சைக்கிள் பாதை வேண்டும்" என்ற மனுவை முதல் நாளே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதை வாங்கி வைப்பவருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை.

சைக்கிளில் கொழும்புச் சனத்துக்கு ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் 2022ஐ நினைவூட்டுங்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகள் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தது. அந்த மாதங்களில் வைத்தியர், வங்கி உத்தியோகத்தர், டியூஷன் பிள்ளைகள் என்று எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள். டாம் வீதிக் கடைகளில் விலை ஏறிக்கொண்டே போயும் வாங்க ஆள் இருந்தது. வீதியில் வாகனம் குறைவு என்பதால் புதிதாக ஓடப் பழகியவர்களுக்கும் பயம் தெரியவில்லை. பெற்றோல் திரும்பி வந்ததும் பயமும் திரும்பி வந்தது. வெள்ளவத்தையில் எந்த மாடிக் குடியிருப்பை நிமிர்ந்து பார்த்தாலும் பல்கனியில் ஒரு சைக்கிள் கடற்காற்றுக்குத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிடப்பட்டபின் நெரிசல் குறையப் போவதுமில்லை. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக்குள் சைக்கிளிலேயே பிள்ளை வளர்த்து, மூட்டை ஏற்றி, கல்யாணத்துக்கும் போய்வந்த தலைமுறை ஒன்று இங்கே அடுக்குமாடிகளில் இருக்கிறது. அவர்களே காலி வீதியைப் பார்த்துவிட்டு "இந்த ரோட்டிலயா? வேண்டாம் தம்பி" என்கிறார்கள். உங்கள் கழகத்துக்கு ஆள் சேராமல் இருப்பதற்கு இந்தப் பயம்தான் காரணம், சோம்பல் என்று நான் நினைக்கவில்லை.

சரி, கூட்டத்தை ஒழுங்காக்குவது. பதினைந்து பேர் ஒரே வரிசையில் போனால் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு அது முந்த முடியாத நீளம். ஏழெட்டுப் பேராகப் பிரியுங்கள், நடுவில் ஒரு வாகனம் நுழைந்து வெளியேற இடம் விடுங்கள். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் வருகிறவருக்குப் பொறுமை இருக்க வேண்டும். பம்பும் மாற்று ரியூபும் அவரிடம்தான். அவருக்குப் பின்னால் ஒருவரும் விடப்படக்கூடாது என்பது சட்டம். வேகம், அன்று வந்தவர்களில் மெதுவாக ஓடுகிறவருடைய வேகம். இதைச் சொல்வது சுகம். கால் பலமுள்ள இளசுகள் அரை மணித்தியாலத்தில் மறந்துவிடும். அவர்களுக்கென்று மாதத்தில் ஒரு காலையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். லபுகம, ஹொரணைப் பக்கம் போய் நாக்குத் தள்ள ஓடிவிட்டு வரட்டும்.

பள்ளம், நாய், நிற்கும் கார் என்று முன்னால் உள்ளவர் கத்திச் சொல்ல வேண்டும், கையாலும் காட்ட வேண்டும். எந்த மொழியில் என்று பெரிய விவாதம் வேண்டாம். முதல் நாளே நாலைந்து சொற்களைத் தீர்மானித்துவிட்டால் போதும், தமிழும் சிங்களமும் கலந்து அது தானாக ஒரு வழக்காகிவிடும்.

நாள் என்று பார்த்தால் போயா தினங்கள் எங்களுக்குக் கிடைத்த வரம். ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை, காலை எட்டு மணி வரைக்கும் வீதி வெறிச்சென்று கிடக்கும். வெசாக் மட்டும் விலக்கு. அன்று இரவு பந்தல் பார்க்கிற சனமும், இலவசமாக உணவும் பானமும் கொடுக்கிற தன்சல் வரிசைகளும் வீதியை நிறைத்துவிடும், காலை ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடிவேல் தேர் காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கு வருகிற நாளிலும் ஓட்டத்தை விட்டுவிடலாம். உங்கள் ஆட்களில் பாதிப் பேர் எப்படியும் தேரடியில்தான் நிற்பார்கள்.

வழிக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவில் ஏறிக் காலிமுகத் திடலுக்குப் போய்த் திரும்புவது பழகுகிறவர்களுக்குப் போதும். மே முதல் செப்டெம்பர் வரை கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும், அதைப் புதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சங்கிலிக்கு எண்ணெயும் அடிக்கடி போட வேண்டும். கொஞ்சம் பழகியபின் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி, அங்கிருந்து பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா ஓயா வரை போகலாம். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அதன் அர்த்தம் பெத்தகான, தலவத்துகொடப் பக்கத்து நீரோரங்களில் விடியற்காலை நின்று பார்த்தால்தான் விளங்கும்.

இனி பஸ் உரசிய விஷயம். கொழும்பில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, இடது ஓரத்தின் கடைசி அங்குலத்தில், மண்ணும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டு போவது. மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். சாரதிக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. தன் வரிசையை விட்டு விலகாமலே முந்த இடம் இருக்கிறது என்று நினைக்கிறார். முந்துகிறார், உரசுகிறார். வீதி ஒடுங்கிய இடத்தில் ஓரத்திலிருந்து ஒரு மீற்றரளவு உள்ளே ஓடினால் அவர் ஒன்றில் பின்னால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒழுங்காக விலகி முந்த வேண்டும். ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும். அகலம் வந்ததும் ஓரம் கொடுத்துக் கையைக் காட்டுங்கள். பெரும்பாலும் கோபம் அத்தோடு போய்விடும்.

தரிப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு இடப் பக்கத்தால் நுழையவே கூடாது. கதவு அந்தப் பக்கம். பஸ் முழுதாக நிற்பதற்கு முன்பே நடத்துனர் குதிப்பார், அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் இறங்குவார்கள். 100, 101 இலக்கத் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று துரத்துவது ஏன் என்று புரிந்துகொள்வதும் உதவும். அன்றைய வசூலில்தான் சாரதிக்கும் நடத்துனருக்கும் அன்றைய காசு. முன்னால் போகிறவனுக்குத்தான் தரிப்பில் நிற்கிற சனம். இது சாரதியின் குணத்தைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை. சம்பள முறை மாறாதவரை இந்த ஓட்டப் பந்தயம் நிற்காது, கழகத்தின் கடிதத்தாலும் நிற்காது. நிற்கிறவரை நாம் விலகி ஓடத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஓட்டோக்களைப் பொறுத்தவரை சிக்னல் லைட்டைப் பார்த்துப் பயனில்லை. வீதியோரத்தில் யாராவது கையைத் தூக்கினால் முன்னால் போகிற ஓட்டோ அந்த நொடியே இடது பக்கம் வெட்டும். அதனால் ஓட்டோவை விட வீதியோரத்தில் நிற்கிறவரைப் பாருங்கள், ஓட்டோவின் முன் சில்லையும் பாருங்கள். நிறுத்தி வைத்த கார்களின் பக்கத்தால் போகும்போது ஒரு கதவின் அகலம் விட்டுப் போங்கள். மழை நாளில் பாதசாரிக் கடவைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். களனிவெளி ரயில் பாதை நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடைப் பக்கங்களில் வீதிகளைக் குறுக்கறுக்கிறது, சில இடங்களில் சாய்வாக. தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்கும்படி சைக்கிளைத் திருப்புங்கள், தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாதுகாப்பு வேலையை எங்கே தொடங்குவது என்றால், நான் கான் மூடியைச் சொல்வேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளின் முகப்பில் மழைநீர் இறங்குகிற இரும்புக் கம்பி மூடிகளை உட்கார்ந்து பாருங்கள். சிலவற்றில் கம்பிகள் வீதிக்குக் குறுக்கே இருக்கும், சைக்கிள் தடதடவென்று தாண்டிவிடும். சிலவற்றில் வீதி போகிற திசையிலேயே இருக்கும். அந்த இடைவெளிக்குள் மெல்லிய ரயர் ஒன்று அப்படியே இறங்கும். முன் சில்லு இறங்கி நின்றுவிட்டால் ஓடுகிறவர் ஹாண்டிலுக்கு மேலால்தான் போவார். இதற்கு மருந்து பெரிய செலவில்லை. மூடி சதுரமாக இருந்தால் தூக்கித் தொண்ணூறு பாகை திருப்பிப் போட்டால் போதும். இல்லையென்றால் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டிகளை வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு நாள் வேலை. ஆனால் "எங்கள் வீதியில் கான்கள் ஆபத்தாக உள்ளன" என்று எழுதினால் எந்தப் பொறியியலாளரும் எங்கே போய்ப் பார்ப்பது? மூடிக்குள் ரயர் இறங்கி நிற்கிற மாதிரி ஒரு படம், பக்கத்தில் அளவு தெரிய ஓர் அடிமட்டம், எதிர் வீட்டு இலக்கம், அருகிலுள்ள மின்கம்பத்தின் இலக்கம், "இதைத் திருப்பிப் போட வேண்டுகிறோம்" என்ற ஒரு வரி. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டே ஒரு தொழிலாளி நேரே அந்த இடத்துக்குப் போக முடியும்.

அடுத்தது யாருக்கு எழுதுவது. இங்கேதான் பல கழகங்கள் களைத்துப் போகின்றன. காலி வீதி ஏ2. ஏ, பி வகை வீதிகள் பொதுவாக வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபையுடையவை. வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் கால் வைத்தால் மாநகர சபையே வேறு, அங்கே தெஹிவளை-கல்கிசை. வீதியில் இருக்கிற இரும்பு மூடியோ நீர் வழங்கல் சபையுடையதாக இருக்கலாம், தொலைபேசி நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம், மூடியின் மேலே பொறித்திருக்கிற எழுத்தைப் படித்தால் தெரியும். பிழையான இடத்தில் கொடுத்த கடிதம் சரியான இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். நான் அறிந்த ஒரு கந்தோரில் அப்படி வந்த கடிதங்களுக்கென்றே ஒரு கோப்பு இருந்தது. அதன் பெயர் "ஏனையவை".

கடிதத்தைத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. தமிழும் அரசகரும மொழி என்பது 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு அரசியலமைப்பிலேயே ஏறியது. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கழகத்தில்தான் சிங்கள நண்பர்கள் இருக்கிறார்களே, ஒரு சிங்களப் பிரதியையும் இணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் லீவு என்ற காரணத்தால் ஒரு மாதம் போகாமல் இருக்கும். இரண்டு மொழியிலும் கையெழுத்துப் போட்டுப் போகிற கடிதத்துக்கு அங்கே வேறு ஒரு மரியாதையும் இருக்கிறது. இது வெறும் தமிழர் முறைப்பாடு, வெறும் சிங்களவர் முறைப்பாடு என்று யாரும் தள்ளிவைக்க முடியாது.

பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் கோபமான கடிதம் எழுத வேண்டாம், தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றைப் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் ஒரு தகவல் அலுவலர் உண்டு. கேட்டதைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். "இந்தத் திகதியில் தந்த கடிதத்தின் மீது யார், எப்போது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள்" என்று மட்டும் கேளுங்கள். இது யாரையும் குற்றம் சாட்டாத கேள்வி. ஆனால் பதில் எழுதுவதற்காகவாவது யாரோ ஒருவர் கோப்பைத் திறக்க வேண்டும், பல தடவை வேலை அப்போதுதான் நடக்கிறது. மூடி திருப்பப்பட்டால் நன்றிக் கடிதம் ஒன்றும் கொடுங்கள். அப்படிக் கடிதம் அவர்களுக்கு வருவதே இல்லை, அடுத்த முறை உங்கள் முகம் நினைவிருக்கும்.

இன்னொரு வேலையையும் இப்போதே தொடங்குங்கள், ஒரு கொப்பி. மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதுவதற்கு. திகதி, நேரம், இடம், என்ன வகை வாகனம், என்ன நடந்தது, அவ்வளவுதான். வாகன இலக்கத்தை ஊருக்கெல்லாம் பரப்புவது வேண்டாம், நோக்கம் ஆளைப் பிடிப்பதல்ல. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் கொப்பியைப் புரட்டினால் ஒரே சந்தி திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒரே நேரமும் வரும், அனேகமாகப் பாடசாலை தொடங்குகிற ஏழரைக்கு முன்பும் விடுகிற ஒன்றரைக்குப் பின்பும். "கொழும்பில் சாரதிகள் மோசம்" என்று போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் சொன்னால் அவரும் ஆமாம் என்பார், கதை முடிந்தது. "இந்தச் சந்தியில், இந்த அரை மணித்தியாலத்தில், இந்தத் திருப்பத்தில்" என்றால் அங்கே ஒரு உத்தியோகத்தரை நிறுத்தலாமா என்று அவரால் யோசிக்க முடியும். ஓட்டத்துக்குப் பின்னான தேத்தண்ணி நேரம்தான் இந்தக் கொப்பிக்கு உரிய நேரம். வீட்டுக்குப் போய்விட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள்.

பஸ்காரர்களோடு சண்டைக்குப் போவதை விட ஒரு பஸ்ஸை நிறுத்திவைத்துப் பார்ப்பது நல்லது. தெரிந்த பஸ் உரிமையாளர் யாராவது இருந்தால் ஒரு போயாக் காலை ஒரு மணித்தியாலம் கேளுங்கள். உங்கள் ஆட்களை ஒவ்வொருவராகச் சாரதி ஆசனத்தில் ஏற்றுங்கள். இன்னொருவர் சைக்கிளோடு பஸ்ஸின் இடது முன் மூலையில் நிற்கட்டும். கண்ணாடியில் அவர் தெரியமாட்டார். இரண்டடி பின்னால் போனால் கொஞ்சம் தெரிவார், மறுபடி மறைவார். எத்தனை பாதுகாப்புச் சொற்பொழிவு கேட்டாலும் வராத அறிவு அந்த ஆசனத்தில் ஏறி இருந்ததும் வந்துவிடும். அந்த உரிமையாளரின் சாரதியை ஒரு தடவை உங்கள் சைக்கிளில் ஏற்றி, பக்கத்தால் ஒரு பஸ் போகும்போது எப்படி இருக்கிறதென்று கேளுங்கள். முறைப்பாட்டுக் கடிதத்தில் கிடைக்காத நண்பர் ஒருவர் கிடைப்பார்.

கழகத்தில் இல்லாத சைக்கிள்காரர்களை மறக்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். கொழும்பில் தினமும் சைக்கிள் ஓடுகிறவர் தலைக்கவசமும் இறுக்கமான உடையும் போட்ட நாங்கள் இல்லை. இரவுக் காவல் முடிந்து விடிய வீடு போகிற செக்கியூரிட்டி, பெட்டி கட்டி லொத்தர்ச் சீட்டு விற்கிற ஐயா, கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு மூட்டை தூக்கப் போகிறவர், இவர்கள்தான். பின்னால் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லாமல் இருட்டில் காலி வீதியில் போகிறார்கள். அவர்கள் சாவது பத்திரிகையில் நான்கு வரி. இலங்கையில் வீதி விபத்தில் ஆண்டுக்கு 2000 பேருக்கு மேல் சாகிறார்கள், கார் வைத்திருக்காதவர்கள்தான் அதில் பெரும்பங்கு. கழகப் பணத்தில் முதல் செலவாகப் பின் விளக்கும் ஒளி தெறிக்கும் ஸ்டிக்கரும் வாங்கி, அவர்கள் நிற்கிற தேத்தண்ணிக் கடையில் வைத்தே பூட்டிக் கொடுங்கள். மேடை, மாலை, படப்பிடிப்பு வேண்டாம். பூட்டும்போது எந்த இடம் பயம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் கொப்பியில் எழுதுங்கள், உங்களை விட அவர்களுக்கு அந்த வீதி தெரியும்.

பெண்கள் வருவதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார்கள். தொடங்கும் இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா, போகிற வழியில் கழிப்பறை இருக்கிறதா, ரியூப் வெடித்தால் யாராவது கூட நிற்பார்களா, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று திட்டமாகச் சொல்ல முடியுமா? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் வருவார்கள். சிறுவயதில் ஓடப் பழகாத அம்மாமாருக்கென்று ஒரு வகுப்பு வையுங்கள், மைதானத்தில், பெடலைக் கழற்றிவிட்டு, ஆசனத்தைப் பதித்து, காலால் உந்தி உந்திச் சமநிலை பழக்குவதுதான் சுகமான வழி. ஒரு அம்மா ஓடப் பழகிவிட்டால் பிள்ளைக்கு "விழுந்திடுவாய்" என்று சொல்கிற ஆள் அந்த வீட்டில் ஒன்று குறைந்துவிடும்.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதைச் சுகமாக இருக்கும்போதே பேசி வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், எல்லோருடைய போனிலும் அந்த இலக்கம் இருக்கட்டும். தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரைப் பதற்றத்தில் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கிப் போடாதீர்கள். ஒருவர் அவரோடு இருக்க, ஒருவர் பின்னால் வருகிற வாகனங்களை நிறுத்த, ஒருவர் வாகன இலக்கத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் படமெடுக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா மோட்டார் வாகனத்துக்கும் கட்டாயம். ஆனால் வீதியோரத்திலேயே "இந்தா ஐயாயிரம், ரிம்மை நிமிர்த்திக்கொள்" என்று முடித்துவிட்டால் பிறகு கேட்க முடியாது. அன்றைக்குச் சிராய்ப்பு என்று நினைத்தது மறுநாள் எலும்பு முறிவாகத் தெரியவரும். பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள், அதைத் தமிழில் பதியவும் கேட்கலாம். நீங்கள் சொன்னதை வேறு மொழியில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தக் கேளுங்கள், விளங்காததில் கையெழுத்து வைக்க வேண்டாம். எல்லோரும் அடையாள அட்டையோடு ஓடுவது நல்லது. அதில் இரத்த வகை இருக்காது, அதை ஒரு துண்டில் எழுதிப் பின்னால் வையுங்கள். விழுந்த தலைக்கவசம் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், உள்ளே நசுங்கிய நுரை மறுபடி தாங்காது.

பெரிய கோரிக்கை ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால், பாதை கேட்பதை விட வேகம் குறைக்கக் கேளுங்கள். பாதை என்றால் நிலம், டெண்டர், கடைக்காரரின் வாகனத் தரிப்பு எல்லாம் வரும். கோடு கீறி முடிந்ததும் அதன் மேல் வான் ஒன்று நிற்கும். வேகம் அப்படியல்ல. சராசரி வேகம் 1 வீதம் கூடினால் மரண விபத்தின் ஆபத்து 4 வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சைக்கிளும் பாதசாரியும் வாகனமும் கலந்து போகிற இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றர் என்பது 2020இல் ஸ்டொக்ஹோம் பிரகடனத்தில் வந்த விஷயம். பாடசாலைகள் உள்ள இரண்டு மூன்று உள் வீதிகளுக்கு அதைக் கேளுங்கள். பாடசாலை அதிபரும் பெற்றோர் சங்கமும் கூடக் கையெழுத்து வைப்பார்கள், சைக்கிள் ஓடாத சனமும் சேரும். வெறும் சைக்கிள்காரர் கோரிக்கை என்றால் "இவர்களுக்குப் பொழுது போகவில்லை" என்பார்கள். பிள்ளைகள் கடக்கிற வீதி என்றால் அப்படிச் சொல்ல வாய் வராது.

நிர்வாகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் போதும். உப தலைவர்கள் எட்டுப் பேர் வேண்டாம், அது எங்கள் ஊர்ச் சங்கங்களின் வியாதி. விளையாட்டுக் கழகமாகப் பதிய வேண்டுமானால் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் காட்டுங்கள். வட்ஸ்அப் குழுவில் ஓட்டம், சுகவீனம், கொப்பி இவை தவிர வேறொன்றும் போடக்கூடாது என்று முதல் நாளே தீர்மானியுங்கள். காலை வணக்கப் பூப்படங்களால் செத்த கழகங்கள் எனக்குத் தெரியும். கந்தோர் அலைச்சல் வேண்டாம் என்கிற பாதிப் பேரை வற்புறுத்தவும் வேண்டாம். அலைய மூன்று பேர் போதும். மற்றவர்கள் ஓடட்டும், கொப்பியில் எழுதட்டும், கையெழுத்து வைக்கட்டும். ஒருவருக்கு ஒன்று நடந்தால் அவர்களும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார்கள்தானே.

ஜெர்சி அடிக்கலாம், அவசரமில்லை. அடித்தால் கறுப்பும் கடும் நீலமும் வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் விடியற்காலை ஐந்தரைக்கு அது தெரியாது. மஞ்சள் அல்லது தோடம்பழ நிறம், முதுகில் ஒளி தெறிக்கும் பட்டி. அனுசரணையாளர் பெயரை அந்தப் பட்டியின் மேல் அச்சடிக்க விடாதீர்கள், கேட்பார்கள்.